ஜொலோனின் இடது கை

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள், ஐயா. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது.

நான் வந்தது டிரைவர் தோக்தோசுன் விஷயமாக. ஹீட்டர் வேலை செய்யாத வேனைக் கணவாய் மேல் ஓட்டிப்போய், குழுவில் இருந்த ஒரு இளைஞனின் விரல்கள் போகக் காரணமாக இருந்தார் என்று அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். தவறு. அந்த ஹீட்டர் என் மாமியார் வாயைவிட நன்றாகச் சுடும். தோக்தோசுன் வழியில் நிற்கிற செம்மறிக்கூட்டத்தைக்கூட ஹாரன் அடித்து விரட்டாமல், இறங்கிப் போய்க் கேட்டுக்கொள்கிற ஆள். அவரைப் போன்றவர்கள் சிறையில் இருந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நடந்ததை நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரிஸ்பெக். பிஷ்கேக்கில் வெனெரா அக்காவின் கல்யாணக் குழுவில் கிதார். கிதார் வாசிப்பவன் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். எங்கள் தொழிலில் பாட்டு முன்பே பதிவாகிக் கணினிக்குள் இருக்கும். அக்கா வாயசைப்பாள், நான் கம்பிமேல் விரலை ஓட்டுவேன். இதற்கு எங்களுக்குள் பிளைவுட் என்று பெயர். என் கிதாரில் ஒயர் உண்டு. அதன் மறுமுனை எதிலும் செருகாமல் மேடைக் கம்பளத்துக்கு அடியில் படுத்திருக்கும். மற்றவர்களுக்கு விரல் சோறு போட்டது, எனக்கு இடுப்பு போட்டது. கண்ணை மூடி, கீழுதட்டைக் கடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து நான் நிற்கிற நிற்பைப் பார்த்து, புருஷன் பக்கத்தில் இருக்கும்போதே பெருமூச்சு விட்ட பெண்கள் உண்டு.

இதை ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள். யாரை ஏமாற்றினோம்? நீங்களும் கல்யாணங்களுக்குப் போகிறவர்தானே. ஒருவர் விடாமல் மைக்கைப் பிடித்து அதே வாழ்த்தைச் சொல்வார்கள். நடுவில் விருந்தை நடத்துகிற தமாதா போன வருஷத்து நகைச்சுவைக்குத் தானே சிரித்து நேரத்தை நகர்த்துவான். ஆட்டைப் பங்கிடும்போது மட்டும் மண்டபம் விழித்துக்கொள்ளும். யாருக்குத் தொடை எலும்பு, யாருக்கு முதுகெலும்பு, மச்சானுக்கு ஏன் அவன் வயசுக்குக் குறைந்த எலும்பு என்று முகம் தூக்குவார்கள். கடைசியில் மிச்சத்தைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். இவர்களுக்கு முன்னால் ஒருவன் நிஜமாக வாசிப்பது அநாகரிகம் என்றே நான் நினைத்தேன். இசைக்காரர்களான எங்களுக்கு எலும்பு கிடையாது. நடையில் நின்றபடி நூடுல்ஸ் தின்போம்.

போன இலையுதிர்காலத்தில் ஜொலோன் எங்கள் குழுவுக்கு இரண்டாவது கிதாராக வந்தான். மெலிந்த பையன், பெரிய காதுகள். முதல் நாளே குனிந்து கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தான்.

“அண்ணே, உங்க ஒயர் கழண்டு கெடக்கு.”

“கழண்டு கெடக்கல தம்பி. அது அங்கதான் குடியிருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் ஒயரைத் தானே கொண்டுவந்திருந்த ஒரு சின்ன பேட்டரி ஸ்பீக்கர் பெட்டியில் செருகினான். பதிவுக்கு அடியில் மெல்ல வாசிப்பான். யாருக்கும் கேட்காது, அதனால் யாரும் தடுக்கவில்லை.

பிறகு தோக்மோக்கில் ஒரு கல்யாணம். பாட்டின் நடுவில் கணினி செத்துவிட்டது. வெனெரா அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. ஜொலோன் மட்டும் நிறுத்தவில்லை. அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வந்தது மண்டபம் முழுக்கக் கேட்டது. அக்கா ஒரு கணம் தடுமாறிவிட்டு, கரகரத்த தன் சொந்தக் குரலில் அவனோடு சேர்ந்து பாடினாள். மெல்லுகிற வாய்கள் நின்றன. கையிலிருந்த இறைச்சியைத் தட்டில் வைத்துவிட்டு மேடையைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் அதைப் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, பிறகு சொல்லக் கேட்டதுதான். என் கண்தான் வழக்கம்போல மூடியிருந்ததே. கணினி செத்தது தெரியாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி, முழு வேகத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் எலும்பை என் பக்கம் நீட்டிக் கேட்டார்: “யோவ், அந்தப் பெரிய கிதாருக்கு மட்டும் தொண்டை கட்டிக்கிச்சா?”

மணப்பெண்கூடச் சிரித்தாள். நானும் குனிந்து வணங்கி, தொண்டையைத் தடவிக் காட்டினேன். நகைச்சுவை உணர்வு உள்ளவன் நான்.

திரும்பும்போது வேனில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நவ்ரூஸ் பண்டிகைலேர்ந்து பிளைவுட் கெடையாது. எல்லாம் நேரடிதான். உனக்கென்ன ரிஸ்பெக், நீ பழைய ஆளு.”

“எனக்கென்னக்கா” என்றேன்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிதாரை எடுத்தேன். இளமையில் நான் நன்றாகவே வாசித்தேன், ஐயா. ஆனால் இப்போது விரல்கள் கசாப்புக்கடையில் தொங்குகிற குதிரைத் தொத்திறைச்சி மாதிரி இருந்தன. ஒன்று போகச் சொன்ன இடத்துக்கு இன்னொன்று போனது. நவ்ரூஸில் மேடையேறினால் முதல் பாட்டிலேயே நான் தொலைந்தேன். வேறு தொழிலும் எனக்குத் தெரியாது.

ஜொலோன் இதை எப்படியோ கண்டுகொண்டான். என்னைத் தனியே அழைத்துச் சொன்னான்: “அண்ணே, காலைல காலைல நான் வீட்டுக்கு வர்றேன். ரெண்டு பேரும் உக்காந்து வாசிப்போம். யாருக்கும் தெரிய வேணாம். விட்டுப்போன கைக்கு மொதல்ல வலிக்கத்தான் செய்யும்.”

அவன் ஏளனம் செய்திருந்தால் ஒரு குத்து விட்டுக் கணக்கை முடித்திருப்பேன். அவன் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். சொன்னபடி வந்தான். என் மனைவிக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு வருவான். என் விரலைத் தன் விரலால் பிடித்து ஒவ்வொன்றாகக் கம்பிமேல் வைப்பான், குழந்தைக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதுபோல. அவ்வளவு பொறுமையான ஒருவனை எவ்வளவு காலம்தான் பொறுத்துக்கொள்ள முடியும், நீங்களே சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் சூசமிர் பள்ளத்தாக்கில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பினோம். கணவாய்க்குச் சற்றுக் கீழே, முன்னால் பனி சரிந்து சாலை அடைபட்டுவிட்டது. வண்டிகள் வரிசையாக நின்றன. எங்களுக்குப் பின்னால் ஒரு சின்னக் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது.

“தம்பி, அதுல கொழந்தைங்க இருக்கு போல. நீ போய் ஒரு கை குடு. எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு” என்றேன்.

அவன் உடனே எழுந்தான். கையுறையைக் காணவில்லை. சீட்டுக்கு அடியில் தேடினான், நானும் மண்டியிட்டுத் தேடினேன். என் கையுறை ஒரு கை மட்டும்தான் இருக்கிறது, இன்னொன்று கல்யாண வீட்டில் விட்டுப்போச்சு என்றேன். “பரவால்லண்ணே, கொழந்தை அழுவுது” என்று வெறுங்கையோடு இறங்கினான். அவன் போவான் என்று எனக்குத் தெரியும். நல்ல பையன் என்றுதான் சொன்னேனே.

வெறுங்கையால் பனியைத் தோண்டினான். இடது கையால் இரும்பு வடத்தைப் பிடித்து இழுத்தான். அந்த நேரத்தில் நான் தோக்தோசுனிடம் என்ஜினை அணைக்கச் சொன்னேன். “டீசல் தீந்துட்டா நம்ம எல்லாரும் இங்கேயே வெறைச்சுப் போவோம்ணே.” அவருக்கு மனசில்லை. டேங்கில் நிறைய இருக்கிறது என்றார். நான் கோபப்பட்டேன். அவர் சண்டை பிடிக்கத் தெரியாதவர், அணைத்தார். இதை அழுத்தமாக எழுதுங்கள்: அணைக்கச் சொன்னவன் நான்.

கார் மேலே ஏறிய பிறகு ஜொலோன் வந்தான். வலது கை சிவந்திருந்தது. இடது கை விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளை.

“வலிக்கவே இல்லண்ணே. யாரோ கை மாதிரி இருக்கு.”

“உள்ள வாடா, என் அக்குள்ள வை” என்று தோக்தோசுன் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

“பனியை அள்ளித் தேய்ங்கப்பா, எங்க ஊர்ல அப்படித்தான்” என்றாள் வெனெரா அக்கா.

இந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அன்போடு சொல்வார்கள். அது விரலைக் கொல்லும். உறைந்த சதையைப் பனியால் தேய்ப்பது கண்ணாடித் தூளால் தேய்ப்பதுபோல. எனக்கு அது தெரியும். ராணுவத்தில் மலைக்காவல் முகாமில் மருத்துவ உதவியாளனாக இருந்தேன். ஒரு சிப்பாயின் வெள்ளைப் பாதங்களைச் சட்டைக்குள் என் வயிற்றோடு வைத்துக்கொண்டு பொழுது முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு விரல் போகவில்லை. அவன் இப்போது நாரினில் கால்பந்துப் பயிற்சியாளன், பண்டிகைக்குப் போன் செய்து அழுவான்.

“அக்கா சொல்றது சரி” என்றேன்.

ஜொலோனைக் கீழே இறக்கினேன். வேனுக்குள் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது, அது காரியத்தைக் கெடுத்துவிடும். மேலே கிடந்த பொடிப்பனியை ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் சொரசொரப்பானதை அள்ளினேன். தேய்த்தேன். தோல் உரிந்தது. மேலும் அள்ளினேன். நடுவில் வோட்கா ஊற்றினேன், காற்றில் உலரவிட்டேன், திரும்பத் தேய்த்தேன்.

“அண்ணே, உங்க கையும் செவந்துபோச்சு. போதும்ணே.”

“பேசாம இரு தம்பி.”

எனக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. நடிப்பு இல்லை, ஐயா, நடிப்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வெனெரா அக்கா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னாள். அதனால்தான் உங்கள் காகிதத்தில் என் பெயர் உதவி செய்தவன் என்ற இடத்தில் இருக்கிறது.

மருத்துவமனையில் இடது கையில் கட்டைவிரலைத் தவிர மற்றதெல்லாம் எடுத்தார்கள். அவனுடைய அம்மா எனக்காக ஓர் ஆடு அறுத்தாள். வந்திருந்த பெரியவர்களையெல்லாம் தாண்டி இடுப்பெலும்பை என் முன்னால் வைத்தாள். என் வயசுக்கு வராத எலும்பு அது. “நீ இல்லன்னா எம்புள்ள கையே போயிருக்கும்” என்றாள். நான் தின்றேன். மறுப்பது மரியாதை இல்லையே.

இதோ, இவை ஜொலோனின் கையுறைகள். அன்று என் கோட்டின் உள்பையில் இருந்தன. கணவாய்க்குக் கீழே சாலை அடைபடும் என்று வானொலியில் சொன்னபோதே எடுத்து வைத்துவிட்டேன். நல்ல கம்பளி.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவனுக்காகத்தான் என்றால் சிரிப்பீர்கள். எச்சில் கையோடு கைதட்டுகிற கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பையன் தன்னை நிஜமாகத் திறந்து வைத்திருப்பான். அவர்கள் ஒருநாள் கேட்பார்கள், மறுநாள் மெல்லுவார்கள். அதைப் பார்க்கிற வேதனையிலிருந்து அவனைக் காப்பாற்றினேன்.

நவ்ரூஸுக்கு நேரடியாக வாசிக்க ஆள் இல்லை; தம்பி இல்லாமல் என் கை ஓடாது என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சொல்லித்தரும்போது ஜொலோன் எல்லாப் பாட்டையும் வாசித்துப் பதிவு செய்து கொடுத்திருந்தான். அக்கா அழுதுகொண்டே அதையே கணினியில் ஏற்றச் சொன்னாள், அவன் நினைவாக. இப்போது அது ஒலிக்கிறது, நான் நிற்கிறேன். ஐயா, நம்ப மாட்டீர்கள், மண்டபம் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு தட்டுகிறார்கள். மேடைக்கு எலும்பு அனுப்புகிறார்கள். இதை எழுதி முடித்ததும் என்னை விடுவீர்கள் அல்லவா? சனிக்கிழமை காண்ட் நகரில் ஒரு கல்யாணம் இருக்கிறது, என்னைக் குறிப்பாகக் கேட்டிருக்கிறார்கள். அந்த வாசிப்பு அவனுடையது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ஒரு வாசிப்பு முழுவதும் விரலில் மட்டுமா இருக்கிறது?

போன வாரம் ஜொலோனும் வந்திருந்தான். பின்வரிசையில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டுவரை தலை தூக்காமல் கேட்டான். முடிந்ததும் மேடைக்கு வந்து, மிச்சமிருக்கிற கையால் என் தோளைத் தட்டினான்.

“நல்லா வாசிக்கிறீங்கண்ணே” என்றான்.

அவனுக்குக் காது சுத்தமானது, ஐயா. வாசிப்பு விஷயத்தில் அவன் பொய் சொல்ல மாட்டான்.