இடம் வலமாகத் தெரியும் கண்ணாடி

போட்டோ எடுப்பவர்கள் நாலு பேர் ஒன்றுகூடினால் போட்டோவைப் பற்றிப் பேசமாட்டார்கள் ஐயா, லென்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

இந்த அடைமழையில் நனைந்துகொண்டு நான் வந்தது உங்கள் ஸ்டேஷனில் இருக்கும் அந்த ரோலிஃப்ளெக்ஸ் கேமராவுக்காக. நாளைக் காலையில் ரஃபியுதீன் வந்து கையெழுத்துப் போட்டு அதை வாங்கிப் போகப்போகிறான் என்று ஏட்டையா சொன்னார். அது நடக்கக்கூடாது. ஏன் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் போதும்.

என் பெயர் வைத்திலிங்கம். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான லேப் உதவியாளன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிக் கடலூருக்கு வந்துவிடுவேன். மஞ்சக்குப்பத்தில் அந்தோணிசாமியின் ஸ்டூடியோவில் கூடுவோம். அந்தோணிசாமி கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவர். தில்லைநாதனுக்கு ரயில்வேயில் வேலை. நாலாவது ஆள் நைனா முகம்மது, பரங்கிப்பேட்டைக்காரன், பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தவன். அந்த ரோலிஃப்ளெக்ஸ் அவனுடையது, ஜெர்மனியில் செய்தது.

தில்லைநாதன் ஜப்பான் கட்சி. ஜெர்மன்காரன் ஒரு லென்ஸ் கடைவதற்குள் ஜப்பான்காரன் பத்து கடைந்துவிடுகிறான், எதிலும் குறையில்லை என்பார். நான் ஜெர்மன் கட்சி. தர்க்கம் முற்றினால் அந்தோணிசாமி கொல்லைச் சுவரில் செய்தித்தாளை ஒட்டிவைப்பார். ஒவ்வொரு கேமராவாலும் அதைப் படம் பிடித்து, கழுவி, பூதக்கண்ணாடியால் பார்ப்போம். வரி விளம்பரத்தின் பொடி எழுத்து எந்த லென்ஸில் படிக்க முடிகிறதோ அது ஜெயித்தது. ஒவ்வொரு முறையும் நைனாவின் கேமராதான் ஜெயித்தது.

நைனா சிரிப்பான். "பேப்பர் படிக்க கேமரா இன்னாத்துக்கு மச்சான், மூக்குக்கண்ணாடி போதுமே."

அவனுக்கு அந்த லென்ஸின் அருமை தெரியாது. கைலி நுனியால் துடைப்பான். கடற்கரை மணலில் உறையில்லாமல் வைப்பான். உப்புக் காற்றுள்ள ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் ஐயா, சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் ஓடும். ஒருமுறை ஓடிவிட்டால் அவ்வளவுதான்.

அவன் பினாங்குக்குப் போகும்போதெல்லாம் கேமராவை என்னிடம் விட்டுப் போவான். மாதக்கணக்கில் வரமாட்டான். லேபிலிருந்து ஈரம் உறிஞ்சும் நீலக் கற்களைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டு, அதற்குள் கேமராவை வைப்பேன். கற்கள் வெளிறினால் வறுத்து மறுபடி போடுவேன். தினமும் இளவெயிலில் லென்ஸைக் காட்டுவேன். பெண் பார்த்த இடத்தில், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது நான் அந்தக் கேமராவைச் சொன்னேனாம். அம்மா பிறகு சொல்லித் தலையிலடித்துக்கொண்டாள். எனக்கு அது பொய்யாகப் படவில்லை.

இந்த வருஷம் ஆவணியில் அவன் ஒரு செய்தியோடு வந்தான். ஜப்பான்காரன் புதுக் கேமரா ஒன்று விட்டிருக்கிறான், படம் பிடிக்கிற லென்ஸ் வழியாகவே பார்க்கலாம், இடம் இடமாகவே தெரியும், வலம் வலமாகவே தெரியும் என்றான். ரோலிஃப்ளெக்ஸில் அப்படியில்லை. வயிற்றருகே வைத்துக்கொண்டு மேலேயிருந்து கண்ணாடியைக் குனிந்து பார்க்கவேண்டும். அந்தக் கண்ணாடியில் எல்லாம் இடவலம் மாறித் தெரியும்.

"தில்லை, நீ சொன்னதுதான் சரி," என்றான் நைனா. "பினாங்குல என் கூட்டாளி கடையில சொல்லி வெச்சிட்டேன். பழசைக் குடுத்துட்டு புதுசு எடுக்கப்போறேன்."

தில்லைநாதன் மேசையைத் தட்டினார். "இன்னா வைத்தி, ஜெர்மனி கவுந்துடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு தனியாக அவனிடம் கேட்டேன். என்னிடமே விட்டுப் போ, என்ன வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். லேபில் வேலை பார்க்கிறவன் என்ன தருவான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் கிண்டல் செய்யவில்லை. தோளில் கை போட்டான்.

"மச்சான், அது ஒரு டப்பா. இதுக்குப் போயி கண்ணு கலங்குறியே. கல்யாணம் கட்டு மொதல்ல."

டப்பா என்றான் ஐயா. அந்த இரவு நான் சாப்பிடவில்லை. கூட்டாளி கடையின் கண்ணாடி அலமாரியில், முன்பின் தெரியாதவர்களின் விரல் படிந்து அந்த லென்ஸ் கிடப்பதை நினைத்தேன். அவன் மேல் கோபம் வரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கோபம் என்பது கொஞ்சம்கூட இல்லை. ஒரு குழந்தையைச் சரியாக வளர்க்கத் தெரியாத தகப்பனைப் பார்த்தால் வருகிற துக்கம்தான் இருந்தது.

அவன் கப்பலேறுவதற்கு முந்தின வாரம், பிச்சாவரத்துக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். பழைய கேமராவுக்கு ஒரு வழியனுப்பு என்றேன். அவனுக்குப் பிடித்திருந்தது. சின்னையன் என்ற செம்படவர் படகில் ஏற்றிக்கொண்டார். சுரபுன்னைக் காட்டுக்குள் உப்பங்கழி பிரிந்து பிரிந்து போகிறது. நைனா படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"கப்பல்ல போயி வர்றவரு, இந்தத் தண்ணிக்குப் பயப்படுறீங்களே, நீச்சல் தெரியாதா?" என்றார் சின்னையன்.

"கப்பலுக்குத் தெரிஞ்சா போதாதா மாமா?"

இந்தப் பேச்சை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை என்று விசாரணையில் சொன்னேன். கேட்டேன்.

மதியத்துக்குள் ஃபிலிமில் ஒரே படம் மிச்சம். "என்னைப் புடி மச்சான்," என்று கேமராவை என் கழுத்தில் மாட்டினான் நைனா. "அஜீசுன்னிசாகிட்ட குடுக்கணும். நான் இல்லாதப்போ மொகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்." அஜீசுன்னிசா அவன் மனைவி.

நீர் வற்றிய நேரமானதால் சேற்றுத் திட்டு ஒன்று மேலே தெரிந்தது. இருவரும் இறங்கினோம். படகு படத்தில் விழுகிறது, வளைவுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோங்கள் என்று சின்னையனிடம் சொன்னேன். அவர் போனார். நைனாவை என் எதிரே நிற்கவைத்தேன். அவனுக்கு வலப்பக்கம் சேற்றுத் தரை. இடப்பக்கம் திட்டு முடிந்து கழியின் ஆழம்.

கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காதே என்றேன். இடப்பக்கம் ஓரடி போ என்றேன். போனான். இன்னும் ஓரடி என்றேன்.

"காலு வழுக்குது மச்சான்."

"கால் படத்துல வராது. இன்னொரு அடி."

அவன் என்னை நம்பினான். கண்ணாடியில் இடவலம் மாறும் என்று அவனுக்கும் தெரியும். நான் அதைக் கணக்கிட்டுத்தான் சொல்வேன் என்றும் தெரியும்.

விசாரணையில் அந்தோணிசாமி எனக்காகச் சாட்சி சொன்னார். "சார், இந்தக் கேமராவுல எல்லாரும் பண்ற தப்புதான். வலதுன்னு சொல்லணும், வாயில இடதுன்னு வந்துடும். நானே ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளைய தூண்ல முட்ட வெச்சிருக்கேன். அவுங்க வூட்டுல இன்னும் ஏசுறாங்க." தில்லைநாதனும் அதையே சொன்னார். நல்லவர்கள், தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். விபத்து என்று முடிவாயிற்று; விசாரணைக்கு எடுத்த கேமரா உங்களிடமே இருந்தது. எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டபோது, தெரியும், கேமராவைக் கழற்றுவதற்குள் அவன் முழுகிவிட்டான் என்றேன்.

அந்தத் தப்பு புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வருவது ஐயா. மாதக்கணக்கில் அந்தக் கண்ணாடியைப் பார்த்தவன் நான். நேரில் பார்க்கும் உலகம்தான் எனக்கு மாறித் தெரியும்.

அஜீசுன்னிசாவிடம் துக்கம் கேட்கப் போனேன். திரைக்குப் பின்னாலிருந்து அழுதுகொண்டே பேசினாள். "நீங்க மனசுல வெச்சு வதைச்சுக்காதீங்க அண்ணே. கடைசியா அவுங்க பக்கத்துல ஒறவா நீங்களாச்சும் இருந்தீங்களே." அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஃபியுதீன், அவளுடைய தம்பி, ஸ்டேஷனிலிருந்து கேமரா வந்ததும் பினாங்குக்கு எடுத்துப் போகப்போவதாகச் சொன்னான். "மச்சான் ஆசைப்பட்ட மாதிரியே மாத்திப்புடுறேன். அவுங்க பேர்ல புதுசு இருக்கட்டும்."

நைனா செத்தும் அந்த எண்ணம் சாகவில்லை, பாருங்கள். கேமரா கப்பலேறிவிட்டால் அதுவரை நடந்ததற்கெல்லாம் அர்த்தமே இல்லாமல் போய்விடும். அந்த வீட்டிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. தினமும் உங்கள் ஸ்டேஷன் சுவரோரம் வந்து நின்றேன். சுவரில் ஈரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏட்டையா இரண்டு தரம் விரட்டினார். யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது என்று புரியவில்லை. அது என்னுடையது என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை.

நேற்றுத்தான் வழி தெரிந்தது. விபத்து என்றால் பொருள் வீட்டுக்குப் போகும். கொலை வழக்குப் பொருளை யாரும் கப்பலில் ஏற்ற முடியாது. கோர்ட்டு பத்திரமாக வைத்திருக்கும், இந்த ஊரிலேயே இருக்கும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நைனா முகம்மதுவைக் கொன்றது நான். தெரிந்துதான் இடப்பக்கம் என்றேன். எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். கேமராவைக் காய்ந்த டப்பாவில் வையுங்கள், வெயில் வரும்போது யாராவது லென்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கற்களை நான் கொண்டுவந்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. கேமராவைக் கழற்றுவதற்குள் என்று சொன்னேனே, அதுவும் சரியில்லை. அவன் சரிந்ததும் நான் கழற்றவில்லை. அவன் இரண்டு தரம் மேலே வந்தான். முதல் தரம் வந்தபோது குமிழைத் திருப்பிக் கூர்மையைச் சரிசெய்தேன். இரண்டாம் தரம் என் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு வந்தான், வெளிச்சம் முகத்தில் நன்றாக விழுந்தது, அப்போது அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் மூடியை மடித்து, தோல் உறைக்குள் வைத்து, பொத்தான் போட்டு, உயரமான வேரில் மாட்டினேன். திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் சும்மா இருந்தது.

ஃபிலிம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்தோணிசாமியிடம் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். நீட்டிய அந்தக் கையில் ரேகைகூடத் தெரியும். தில்லைநாதனையும் கூப்பிட்டுக் காட்டுங்கள் ஐயா, இனிமேல் அவர் ஜப்பான் லென்ஸைப் பற்றிப் பேசமாட்டார்.