அடுப்பின் இரண்டு குமிழ்கள்

பால் காய்ச்சப் பொறுமை வேண்டும் சார். பொங்கி முடிகிறவரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். என் அப்பாவுக்கு அது வராது. முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் நேரம் குறித்தவர். பேருந்துகளெல்லாம் அவர் விசிலுக்காகக் காத்திருந்தன. பால் காத்திருக்கவில்லை.

அன்று பாலை வைத்துவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். பொங்கி வழிந்து தீ அணைந்து, வீடெல்லாம் கேஸ். நான் சுவிட்ச் எதையும் தொடவில்லை. ரெகுலேட்டரை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன், அவரைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவந்தேன். எல்லாம் முறைப்படி. வாசலில் நின்றுகொண்டு, மாடிவீட்டு அக்காவுக்கும் கேட்கிற மாதிரி அப்பா சொன்னார்:

"பாத்தியாம்மா, முப்பத்தி நாலு வருஷத்துல தொரை உருப்படியா செஞ்ச மொத வேலை."

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை, அடுப்பைத் திருகும் இரண்டு குமிழ்களையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். இழுத்தால் கையோடு வந்துவிடும். பலருக்கு இது தெரியாது.

"என் அடுப்ப நான் பத்தவைக்க உன்கிட்ட கேக்கணுமாடா, தண்டச்சோறு?"

"ஆமாப்பா. கேளுங்க."

அவர் கேட்கவில்லை. இடுக்கி வைத்துத் திருகப் பார்த்தார். அது ஆபத்து. அதனால் சமையலறைக்கே பூட்டுப் போட்டேன். நான் காலையில் மேசைமேல் வைத்துவிட்டுப் போவதை ஆறிய பிறகு சாப்பிட்டார். நான்கு மாதம். வாயைத் திறந்து ஒரு வாய் வெந்நீர்கூடக் கேட்கவில்லை. அந்த வீம்புதான் சார் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு அலுவலகத்தில் வெளியூருக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தீத்தடுப்புப் பயிற்சி. சிரிக்காதீர்கள். மேசைமேல் ஒரு நாள் சாப்பாடு வைத்தேன். வேறு வீட்டு அடுப்பில் போய்க் கைவைத்துவிடக் கூடாதே என்று வாசல் கதவையும் வெளியே பூட்டினேன். சர்க்கரை மாத்திரை போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மாத்திரை டப்பாவைக் கைக்கெட்டும் இடத்தில்தான் வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் அக்கா போன் செய்தார். "தம்பி, அப்பா உள்ளருந்து கதவத் தட்டிக்கிட்டே இருக்காருப்பா."

"மறதிக்கா அவருக்கு. தொறந்தா நேரா அடுப்புக்குத்தான் போவாரு. உங்க வீடு மேலதானே இருக்கு?"

அக்கா யோசித்தார். திறக்கச் சொல்லவில்லை.

முதல் விசாரணையில், நாள் கணக்குத் தப்பிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். தப்பவில்லை. அதை அடித்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் மதியம் அப்பாவே கூப்பிட்டார். குரல் குழறியது.

"ஐயா... பசிக்குதுய்யா. வந்துருய்யா."

என்னை அவர் ஐயா என்று கூப்பிட்டதே இல்லை. சிக்னல் இல்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். கேட்கவில்லை என்றேன். மூன்றாவது தடவையும் சொன்னார், ரொம்ப மெதுவாக. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது சார்.