மீனக்கா வீட்டுக்காரர்

குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு மீன்தொட்டியில் ஊற்றக் கூடாது. உன் அக்காவுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். கல்யாணமான புதிதில் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் அதில் ஒரு சிவப்பு மீனுமாக வந்து நின்றாள். தண்ணீரில் குளோரின் இருக்கும், நமக்கு நல்லது, மீனுக்குச் செவுளைப் பொசுக்கிவிடும், வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் தானாகப் பறந்துவிடும் என்றேன். குடிநீர் நிலையத்தில் மருந்து கலக்கும் பிரிவில் இருப்பவன் நான். தண்ணீரைப் பற்றி நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நீ வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் "எங்க அக்காவ என்ன பண்ணீங்க அத்தான்?" என்று கேட்டாய். உட்கார். அவள் தையற்கடை வரைக்கும் போயிருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்கிறேன். கொழுந்தியாளிடம் ஒளிக்கிற அளவுக்கு நான் எதுவும் செய்துவிடவில்லை.

கிண்ணம் தொட்டியானது. பிறகு பின்னறை முழுக்கத் தொட்டிகள். தேறாது என்று கடைக்காரர்கள் ஒதுக்கிவைத்த நோஞ்சான் மீன்களை வாங்கிவந்து தேற்றிக் காட்டுவாள். தண்ணீர் மாற்றும்போது மணிக்கட்டைத் தொட்டியிலும் வாளியிலும் மாறி மாறி நனைத்து, சூடு ஒன்றுபோல இருந்தால்தான் ஊற்றுவாள். கைராசிக்காரி என்று தெருவே கொண்டாடியது. மீனக்கா என்று பேரும் வைத்தார்கள். நான் முகம் சுளித்தேனா? வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வைத்ததே நான்தான்.

ஒருநாள் முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர், "சார் யாரு?" என்று விசாரித்தார். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தாமலே, "தெரியாதா? நம்ம மீனக்கா வீட்டுக்காரர்" என்றார். இந்த ஊர் குடிக்கிற தண்ணீரைச் சோதித்து அனுப்புகிறவன் நான். சிரித்துவைத்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று நினைக்காதே. நான் அவ்வளவு அற்ப புத்திக்காரன் இல்லை.

அப்புறம் வளர்ப்பு மீன் விற்க, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவில்லை. சொன்னாள். "இடம் பிடிச்சிருக்குங்க. எடுத்துடலாம்னு இருக்கேன். போர்டுல மீனக்கான்னே போட்டுடலாம்." சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சரி என்று தலையாட்டினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கடையில் நின்று கால் வீங்கப்போகிறாளே என்றுதான் எனக்குக் கவலை. வேறென்ன?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நிலையத்தில் மருந்தை மாற்றினோம். ஊர் நீண்டுவிட்டது. கடைசித் தெருவை எட்டுவதற்குள் குளோரின் வலுவிழந்துவிடுகிறது. ஆகவே அதோடு அம்மோனியா சேர்த்துக் குளோரமினாக அனுப்ப ஆரம்பித்தோம். இது லேசில் விட்டுப்போகிற சரக்கு இல்லை. வாளியில் நாள்கணக்கில் திறந்து வைத்தாலும் அப்படியே இருக்கும். குடிக்கிற மனிதருக்கு ஒன்றும் ஆகாது. மீன் வளர்ப்பவர்கள் மட்டும் அதை முறிக்கச் சொட்டு மருந்து விட்டாக வேண்டும்.

எனக்குத் தெரியும். உன் அக்காவிடம் சொல்லவில்லை. என் வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பேர் குற்றமா?

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. பிறகு மல்லாந்தன. அவள் தொட்டியைக் கழுவினாள், தீனியை மாற்றினாள், சாப்பாட்டை மறந்தாள். "தண்ணில ஏதாச்சும் மாத்தியிருக்காங்களா?" என்று என்னைக் கேட்டாள். "அதே ஏரித் தண்ணிதானே" என்றேன். அது பொய்யில்லை. ஏரி மாறவில்லை. அவளோடு பழகிய மீன்கடைக்காரர் தொட்டிகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறவர், அவருக்கு இந்தச் சங்கதி வரவில்லை. வேறு யாரையாவது கேளேன் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்கு, "வீட்டுக்குள்ளயே தண்ணி ஆபீஸ வெச்சுகிட்டு நான் எதுக்கு ஊரைக் கேக்கணும்?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மிச்சமிருந்த மீன்களைப் பார்த்து மனம் கேட்காமல், "தள்ளு, இந்தத் தொட்டிக்கு நான் ஊத்தறேன்" என்றேன். வாளியில் சொட்டு மருந்தை விட்டுவிட்டு ஊற்றினேன். அவள் பார்க்கவில்லை. அந்தத் தொட்டி பிழைத்தது. அடுத்த தொட்டிக்கு அவளையே ஊற்றவிட்டேன். போய்விட்டன. இன்னொன்றுக்கு நான் ஊற்றினேன். பிழைத்தன. எங்கள் வேலையில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எதையும் முடிவு செய்ய மாட்டோம்.

அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதே வாளி, அதே தண்ணி. உங்க கைல பொழைக்குது, என் கைல சாகுது. என் ராசி போயிடுச்சுங்க" என்றாள். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறாய். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் அதற்குமுன் என் தோளில் அப்படிச் சாய்ந்து அழுததே இல்லை.

கடைப் பேச்சு அதோடு நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை, அவளேதான் நிறுத்தினாள்.

உன் குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். பிரசவம் முடிந்து வந்து மடியில் போட நீட்டினாய். அவள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பிள்ளை பெறாதவளுக்குப் பொறாமை என்று உன் மாமியார் சொன்னதை நீயும் நம்பி, இத்தனை மாதம் பேசாமல் இருந்துவிட்டாய். பொறாமையும் இல்லை ஒன்றும் இல்லை. "என் கை பட்டா அதுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க" என்று என்னிடம் சொன்னாள். தூக்கு என்று நான் வற்புறுத்தவில்லை. "பயமா இருந்தா விட்டுடு" என்றேன். இந்த அளவுக்குப் புரிந்து நடந்துகொள்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான்?

இப்போது உன் பெரியவனுக்கு மீன் வாங்கப் போன கடையில் எவனோ சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் எப்போதோ மாறிவிட்டது என்று சொன்னதும் கணக்குப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாய். நல்ல மூளை உனக்கு.

உன் அக்காவை நன்றாகப் பார்த்திருக்கிறாயா? டீக்குச் சர்க்கரை போதுமா என்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் போடுகிறாள். தனியாகத் தெருவைக் கடக்கவே யோசிக்கிறாள். வீட்டில் ஒரு சண்டை இல்லை, சத்தம் இல்லை.

கேட் சத்தம் கேட்கிறது, அவள்தான். சொல்ல வேண்டுமானால் தாராளமாகச் சொல், நான் எழுந்துகூடப் போக மாட்டேன். நீ சொல்லி முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பி, உண்மையா என்று கேட்பாள். இல்லை என்பேன். நம்பிவிடுவாள். நான் கெட்டவனாக இருந்தால் ஒருத்தி என்னை இப்படி நம்புவாளா, நீயே சொல்.