தொண்ணூற்றெட்டு

வார்டு நர்ஸ் மீது என் கணவர் கொடுத்த புகார் சம்பந்தமாக, இறந்த குழந்தையின் தாயாகிய நான் என் சுயவிருப்பத்தின் பேரில் சொல்வது: வயது இருபத்து நான்கு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்வரிசையில் கடைசி வீடு. பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை.

மகனுக்கு ஏழு மாதம். என் கணவர் அவனை முதலாளி என்றுதான் கூப்பிடுவார், நாமெல்லாம் அவனுக்குத்தான் உழைக்கிறோம் என்பார். சளிதானே என்று நான்கு நாள் கைவைத்தியம் பார்த்தோம். அதன் பிறகு மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே குழிந்ததால் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா முற்றிவிட்டது என்றார்கள். அந்த வார்டில் பதினான்கு குழந்தைகள், ஒரு நர்ஸ், ஒரு ஆக்ஸிஜன் மெஷின், அதில் இரண்டு குழாய். தேறிய குழந்தையிடமிருந்து எடுத்து அடுத்ததற்கு வைப்பார்கள். என் மகனுக்கு ஒரு குழாய் வைத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கிளிப்பைக் கால்விரலில் மாட்டி, திரையில் தொண்ணூறுக்குக் கீழே போனால் கூப்பிடச் சொன்னார் நர்ஸ்.

அது பெரியவர்களுக்கான கிளிப். மூன்றாம் நாள் காலை முழுவதும் கழன்றுகொண்டே இருந்தது. கழன்றால் திரை அலறும், அவன் விழித்து இருமுவான். எதிர்க் கட்டில்காரி, சத்தத்தில் தன் பிள்ளை தூங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார். நானும் மூன்று நாளாகக் கண் மூடவில்லை. கிளிப்பை என் விரலில் மாட்டிக்கொண்டேன். தொண்ணூற்றெட்டு காட்டியது. சத்தம் நின்று அவன் தூங்கியதும், கையை அவன் போர்வைக்குள் வைத்தபடி நானும் தூங்கிப்போனேன்.

அதன் பிறகு நர்ஸ் தோளைத் தொட்டு எழுப்பி, "தொண்ணூத்தெட்டு இருக்கும்மா, உன் புள்ள தேறிட்டான். கொழாய பக்கத்துக் கொழந்தைக்கு வச்சிருக்கேன்" என்றார். தூக்கக் கலக்கத்தில் நம்பிவிட்டேன். கணவருக்கு போன் போட்டுச் சொன்னேன். "மொதலாளி சிரிச்சாரா?" என்று கேட்டார். சிரித்தான் என்றேன்.

போனை வைத்த பிறகுதான் என் விரலைப் பார்த்தேன். கத்திக்கொண்டே கழற்றி அவனுக்கு மாட்டினேன். அறுபத்தொன்று. என் கத்தலுக்கு ஓடிவந்த நர்ஸ், கிளிப்பை நான் மாற்றுவதைப் பார்த்தார். குழாயைத் திரும்ப வைத்தார், ஊசி போட்டார், நெஞ்சை அழுத்தினார். பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் குழந்தை பிழைத்துக்கொண்டது. அதற்குச் சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை.

நர்ஸ் குழாயைப் பிடுங்கிக் கொன்றுவிட்டாள் என்று என் கணவர் புகார் எழுதியபோது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒன்பது நாளாக அந்த நர்ஸுக்கு வேலை இல்லை. அவர் என் விரலைப் பற்றி இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. ஒரு சொல்லும் பொய் இல்லை. என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் இதை எழுதிக்கொண்ட ஐயாவே படித்துக் காட்ட வேண்டும். என்னால் முடியாது.

(ஒப்பம்)
குழந்தையின் தாய்