ஒரு நாற்காலிகூடக் காலியில்லை

அந்த போனை மேசைமேலேயே வைத்துவிடுங்கள் தம்பி. சட்டைப்பைக்குள் இருந்தால் குரல் தெளிவாகப் பதியாது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. என் மகளோடு சேர்ந்து கம்பெனி நடத்தியவர் நீங்கள். கேட்க உரிமை இருக்கிறது.

நகராட்சி அந்தப் பழைய தபால் நிலையத்தைக் கொடுத்து ஸ்டார்ட்அப் மையம் நடத்தச் சொன்னபோது அங்கே வௌவால்தான் குடியிருந்தது. வேகமான இணையம், வாடகையில்லாத மேசை, ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் நாயாய் அலைந்து கொண்டுவந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். வளர்ந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெருநகரத்துக்குப் போனார்கள். கூடவே வேலைகளும் போயின. காலி நாற்காலிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பணம் போடுகிறவர்கள் முதலில் மையத்தின் தலைவரைத்தான் விசாரிப்பார்கள், வாடகைக்கு விடுகிறவர் பழைய வீட்டுக்காரரைக் கேட்பதுபோல. ஒட்டடைக்குச்சி என்று கேலி செய்வீர்களே, அந்தப் பையனைப் பற்றிக் கேட்டபோது, "ரொம்பத் திறமைசாலிங்க. இப்பல்லாம் யார் மேலயும் கை வைக்கிறதில்ல" என்றேன். அவன் என்றைக்குமே யாரையும் அடித்ததில்லை. நான் சொன்னதும் அதைத்தானே? அவனுக்குப் பணம் வரவில்லை, ஊரிலேயே தங்கிவிட்டான். இப்போது மையத்தில் உட்கார்ந்து யாருக்கோ பில் விவரங்களைத் தட்டச்சு செய்கிறான். அதுவும் டிஜிட்டல் வேலைதான்.

உங்கள் கம்பெனி வேறு ரகம். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எப்போது பழுதாகும் என்று சொல்லும் மென்பொருள். நாற்பது பேருக்குச் சம்பளம். எனக்கு அவ்வளவு பெருமை. ஒருநாள் சாப்பிடும்போது மகள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு பெருநகரத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள். நீங்களும் வந்துவிடுங்கள் அப்பா என்றாள். நான் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் முதலீடு செய்யவிருந்த ஓர் அம்மா போன் செய்து மகளைப் பற்றிக் கேட்டார்.

"தங்கமான பொண்ணுங்க. இப்ப மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறா. நீங்க கவலைப்படாதீங்க."

அப்போது வீட்டில் என் ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் இருந்தது. ஆனால் பெற்ற அப்பனே சொல்லும்போது யார் துருவிக் கேட்பார்கள்? அந்த அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டார். அடுத்து வந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னேன்.

ஒவ்வொருவராக மரியாதையாக விலகினார்கள். யாரோ தன்னைப் பற்றித் தப்பாகப் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கெட்டிக்காரி. யாராக இருக்கும் என்று என்னிடம் கேட்டாள். கம்பெனி விஷயம் முழுக்கத் தெரிந்தவர் ஒருவர்தானே என்று மட்டும் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. உங்களை வெளியே அனுப்பியது அவள் முடிவு.

பிறகு பூட்டை மாற்றினாள். கடவுச்சொற்களை மாற்றிக்கொண்டே இருந்தாள். நாற்பது பேரில் யாரையும் நம்பவில்லை. தூக்கம் போயிற்று. ஒரு காலையில் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். "தூங்கி எத்தன நாளாச்சும்மா?" என்றேன்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனேன். எல்லோரையும் சந்தேகப்படுகிறாள், பெற்ற அப்பனைக்கூட, என்று சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை தம்பி. டாக்டர் பரிவோடு கேட்டுக்கொண்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

கம்பெனியை மூடியாயிற்று. அந்த நாற்பது பேரும் இப்போது மையத்திலேயே வெளியூர் கம்பெனிக்கு வாடிக்கையாளர் போன் எடுக்கிறார்கள். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

இந்தப் பதிவை அவளிடம் தாராளமாகப் போட்டுக் காட்டுங்கள். உள்ளறையில்தான் இருக்கிறாள். ஆனால் மோட்டாரின் முனகலைக்கூடப் பிரித்தறிந்த பெண், இப்போது தன் காதில் விழுவதையே நம்புவதில்லை. கேட்டுவிட்டு, "இது நெஜமாப்பா?" என்று என்னைத்தான் கேட்பாள்.

நேரமாகிறது, நான் எழுந்திருக்க வேண்டும். தண்ணீரும் கையுமாக நான் போய் நின்றால்தான் மாத்திரையை விழுங்குவாள். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. போனில் கேட்ட அந்த அம்மாவிடம் நான் என்ன பொய் சொன்னேன், சொல்லுங்கள்.