வறட்சிக்கு ஒரு மனு

...இல்ல சார், "பணிவன்புடன்"னுலாம் போடாதீங்க. பணிஞ்சி பணிஞ்சிதான் முதுவு வளைஞ்சி கெடக்குது. மரத்தடியில குந்திக்கினு ஊருக்கே மனு எழுதறவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா? நேரா எழுதுங்க. வறட்சி மானியம் எனக்கு மட்டும் ஏன் இல்ல? மறுபடி வந்து என் கொல்லியில பயிர பாக்கணும். அவ்ளோதான்.

பேரு அரசப்பன். ஊரு ஓமந்தூரு தாண்டி. ரெண்டு ஏக்கரு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. "இருந்திச்சி"ன்னு போடுங்க. இப்ப ஆடு கூட மோந்து பாத்துட்டுப் போவுது. அத்த நம்பிதான் பொண்ணுக்கு தையில நாள் குறிச்சிருக்குது.

மழை இல்ல, ஊரே காஞ்சிது. காஞ்ச பயிருக்கு மானியம், திங்கக்கெழம ரெவின்யூ ஆபீசு ஆர்.ஐ. வந்து பாத்து எழுதுவாருன்னாங்க. எந்தத் திங்கக்கெழமன்னு கேக்காதது என் தப்புதான் சார். சர்க்காரு திங்கக்கெழம இருவத்திரெண்டு நாள் கழிச்சி வந்துது. ஜீப்புக்கு டீசல் இல்லியாம். அப்பறம் அவருக்கு வேற ஊருக்கு மாத்தலாம், அப்பறம் மாத்தலு கேன்சலாம். நானு வெள்ளச் சட்ட போட்டுக்கினு தெனம் ரோட்டுல நின்னுக்கினு இருந்தேன். இன்னா பேஜாரு பாருங்க.

வந்தாரு. செருப்புல மண்ணு ஒட்டாம வரப்புல நின்னாரு. பக்கத்துக் கொல்லி தேவநாதனுக்கு எழுதிட்டாரு. அவனுத விட என்து நல்லா காஞ்சிருந்திச்சி சார், அதுல சந்தேகமே வேணாம். ஆனா என் பயிர பாக்கல, மோட்டார் கொட்டாய பாத்தாரு. கெணறு இருக்குதான்னாரு. இருக்குதுங்கன்னேன். தண்ணி? இருக்குதுங்க. கரண்டு? சின்ன விவசாயிக்கு ஃப்ரீயா வருதுங்க. "அப்பறம் எப்பிடிய்யா காஞ்சிது?"ன்னாரு. இன்னா அறிவு பாருங்க. மானியம் மழைய நம்புற மானாவாரிக்குத்தானாம். அத்த முன்னாடியே சொன்னா வாயி தேஞ்சிடுமா?

எழுதுங்க சார், ஏன் நிறுத்திட்டீங்க... எப்பிடி காஞ்சிதுன்னு நீங்களுமா கேக்குறீங்க?

சரி, உங்ககிட்ட இன்னா. சுத்தி எல்லாம் காஞ்சி கெடக்கும்போது என்து மட்டும் பச்சையா நின்னா மானியம் குடுப்பானா? நாலு நாளு தண்ணி கட்டாம வுட்டா வாடும். பாத்து எழுதிட்டுப் போனதும் ஜல்தியா பாய்ச்சிக்கலாம்னு நெனச்சேன். யோசன சரிதான். அந்த ஆளுதான் வரல. என் வூட்டுக்காரி பாஞ்சாலி, பூவு விழுந்து மண்ணுல விழுது எறங்கி காய் புடிக்கிற நேரம்யா, ஒரே ஒரு தண்ணி வுடுய்யான்னு அழுதா. எனக்குத் தெரியாம மோட்டார போட்டுருவாளோன்னு கரண்டு பொட்டியில பீஸ் கட்டைய கழட்டி மடியில வெச்சிக்கினேன்.

இப்ப கெணத்தோரம் நாலு பாத்திதான் பச்ச. விதைக்காவது ஆவட்டும்னு கொடத்துல மொண்டு மொண்டு ஊத்திக்கினு கெடக்குறா. கையெல்லாம் கயிறு அறுத்துப் போச்சி. என்கிட்ட பேசறதில்ல.

பீஸ் கட்டையா? இதோ, மடியிலதான் இருக்குது. அவகிட்ட எப்பிடி சார் குடுக்க முடியும்? மறுபடி வந்து பாக்கச் சொல்லித்தானே மனு எழுதறோம். அவரு வர்ற நேரத்துல அந்த நாலு பாத்தியும் பச்சையா நின்னா?

ஏன் சார் பேனாவ மூடறீங்க... எங்க எழுந்துட்டீங்க? சார்... எழுதின வரைக்குமாவது குடுத்துட்டுப் போங்க சார்.