ரங்கசாமி டெஸ்ட் பண்ணின பவுடர்

இந்த எடத்துல ஒரு குட்டிக் கதை ஞாபகம் வருது... அதைச் சொல்லிட்டு மேல போறேன்.

சத்தியமங்கலம் பக்கம் தவமணின்னு ஒரு பொண்ணு. கல்யாணமாகி ரெண்டு குழந்தைங்க. வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வுல பாஸாயிருச்சு. நடைத் தேர்வு ஒண்ணுதான் பாக்கி. மைல் கணக்கா நடக்கணும், நேரத்துக்குள்ள நடக்கணும். இதை விட்டா வயசு தாண்டிரும்.

தினமும் விடியக்காலைல மைதானத்துல நடந்து பழகுது. ஆனா கால் வலி... படி ஏற முடியல. புருஷன் ரங்கசாமி தங்கமான மனுஷன். டவுனுக்குப் போய் அமினோ ஆசிட் பவுடர் ஒரு டப்பா வாங்கிட்டு வந்து, தன் கையாலயே கலக்கிக் குடுக்கறாரு. தசை சீக்கிரம் தேறுமாம். குடிச்சிட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணுது? தண்ணி எடுக்குது, மாட்டைப் பாக்குது, சமைக்குது, துவைக்குது... வலி போச்சா? எங்க போகும்?

ரங்கசாமிக்கு வந்துச்சே கோவம். "போலி சரக்கைத் தலைல கட்டிட்டான். நானே குடிச்சு டெஸ்ட் பண்றேன். நீ நடந்துட்டு வந்து உக்காரு, உன் வேலையெல்லாம் நான் பாக்கறேன். எனக்கும் உடம்பு வலிச்சாத்தானே பவுடர் வேலை செய்யுதான்னு தெரியும்?"

ஒரு வாரம்... பவுடரும் அவரே குடிச்சாரு, குடமும் அவரே தூக்குனாரு. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. டப்பாவைத் தூக்கிக்கிட்டு, பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு நேரா கடைக்கு. கடை மாடில. இவரு கைப்பிடியைப் புடிச்சு ஒவ்வொரு படியா ஏறறாரு... தவமணி எப்பவோ மேல போயிருச்சு.

கடைக்காரத் தம்பி இவரு சொன்ன கதையை முழுசாக் கேட்டுட்டு, ரெண்டு பேரையும் பாத்து அமைதியாக் கேட்டான்.

"அண்ணே, பவுடர் குடிச்சது யாரு?"

"நான்தான்."

"கால் வலி போனது யாருக்கு?"

ரங்கசாமி பொண்டாட்டியைத் திரும்பிப் பாத்தாரு.

"நல்ல சரக்குதாண்ணே. இது செங்கல் மாதிரி. கல்லு வந்து எறங்கினா போதுமா? உடம்புங்கற கொத்தனாருக்கு வேலை செய்ய நேரம் வேணாமா?"

மறுநாள்லேர்ந்து பவுடர் தவமணிக்கு. குடம்? அது ரங்கசாமிகிட்டயே நின்னுருச்சு. தேர்வுல அந்தப் பொண்ணு நேரத்துக்கு முன்னாடியே எல்லைக் கோட்டைத் தாண்டிச்சு. இன்னைக்குக் காக்கிச் சட்டை போட்டுக்கிட்டுக் காட்டுக்குள்ள நடக்குது.

எதுக்குச் சொல்றேன்? பின்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற அண்ணன்மார்களே, உங்களைத்தான். வீட்டுல இடுப்பு வலின்னா மாத்திரை வாங்கித் தர்றீங்க, தைலம் வாங்கித் தர்றீங்க. உங்களுக்கு அன்பு இல்லேன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா ஓய்வு எந்தக் கடைலயும் விக்கல... அவங்க வேலையை நீங்க வாங்கிக்கிட்டாத்தான் அது அவங்களுக்குக் கிடைக்கும். கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போறீங்கள்ல? போனதும் முதல்ல அந்தக் குடத்தை வாங்குங்க.